சாப்பாட்டுப் படம்

கனகா தன் கம்பெனியை மூடியது 2003 ஜூனில், பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம். வில்லாபுரத்தில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் கம்பெனி. கம்ப்யூட்டர், பிரிண்டர், டெலிபோன், ஃபிளாப்பியில் படம் பதியும் பழைய கேமரா. கூட்டாளி ராஜேஷ்குமார், காலேஜில் கூடப் படித்தவன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் ஜவுளி வியாபாரக் குடும்பம். கனகாவின் அப்பாவும் அம்மாவும் வண்டியூருக்குக் கிழக்கே அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நடவுக் கூலியில் கம்ப்யூட்டர் படித்த பெண் என்று யாராவது பாராட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "அவுகளுக்கு நெலம் இருந்திருந்தா இன்னும் சீக்கிரமே படிச்சிருப்பேன்" என்பாள்.

தொழில் எளிமையானது. மதுரையைச் சுற்றிக் கோடை முகாம்கள் முளைத்திருந்த காலம். நீச்சல், கராத்தே, ஓவியம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த பெற்றோர்கள் பிள்ளைகளை அங்கே தங்கவைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார்கள். கனகா முகாமுக்குப் போய்ப் படம் எடுத்து வருவாள், ராஜேஷ் வெப்சைட்டில் ஏற்றுவான். முதலில் நீச்சல் படங்களைத்தான் போட்டார்கள். துபாயிலிருந்து வந்த மெயிலிலும் சென்னையிலிருந்து வந்த மெயிலிலும் ஒரே கேள்வி: பிள்ளை சாப்பிட்டதா? கராத்தே பெல்ட்டைக் காட்டி எந்தத் தாயையும் சமாதானப்படுத்த முடியவில்லை. அதனால் மத்தியானப் பந்தியைத் தினமும் எடுத்துப் போடுவது வழக்கமானது. அதற்குச் 'சாப்பாட்டுப் படம்' என்றே பெயர்.

கோடை முடிந்தால் வேலை இல்லை. மற்ற மாதங்களில் கல்யாணப் பத்திரிகை அடித்து ஓட்டினார்கள். ஓரளவு தாங்கிப் பிடித்தது கோச்சடையில் வெள்ளைத்துரை நடத்திய பெரிய முகாம். அவர் பந்திக் கூடத்து வாசலில் 'மனிதநேயம் வளர்ப்போம்' என்று பேனர் கட்டியிருந்தார். ஏதோ ஒரு சங்கம் நன்கொடை கொடுத்ததால் பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் சிலரையும் இலவசமாகச் சேர்த்திருந்தார். அவர்கள் காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போவார்கள்.

பெரிய படம் போன் லைனில் சீக்கிரம் ஏறாது. ராஜேஷ் ஓரத்தை வெட்டிச் சின்னதாக்குவான். இடது ஓரத்தில் பேனர் இருக்கும், அதை வெட்ட முடியாது. வலது ஓரம் போகும். அந்த ஓரத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று இருவரும் பார்க்கவில்லை. படம் எடுத்த கனகாவும் வரிசை முழுதும் அடங்குகிறதா என்று பார்த்தாளே தவிர, யார் முன்னால் என்ன தட்டு என்று பார்க்கவில்லை.

அந்த வருஷம் மே மாதம் ஒரு மத்தியானம் காலனியிலிருந்து ஒச்சம்மாள் வந்தாள்.

"எம்மவன் மருது கம்ப்யூட்டர்ல வாரானாம்ல. பாக்கலாமா தாயி?"

கனகா வெப்சைட்டைத் திறந்தாள். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒச்சம்மாள் குனிந்து தேடினாள்.

"இதுல எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளால்ல இருக்கு?"

"இருங்கக்கா."

வெட்டாத படம் ஃபிளாப்பியில் இருந்தது, அதைத் திறந்தாள். எவர்சில்வர் தட்டு வரிசை முடிந்து, ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. அதற்கப்புறம் காலனிப் பிள்ளைகள், காகிதத் தட்டுகளோடு.

"அந்தா இருக்கான். கைய நக்குறான் பாரு, மானத்த வாங்க" என்று சிரித்துவிட்டு ஒச்சம்மாள் போனாள்.

"முழுப் படத்தையும் போடு" என்றாள் கனகா.

"ஏற லேட்டாகும்" என்றான் ராஜேஷ்.

"ஆகட்டும்."

மறுநாள் காலையில் வெள்ளைத்துரை போன் செய்தார்.

"ஏம்மா, படம் என்ன இம்புட்டு நீளம்?"

"பந்தி அம்புட்டு நீளம் சார்."

"பேரண்ட்ஸ் மெயில் போட்டிருக்காங்க. எங்க பிள்ளைக பக்கத்துல யாரு அதுகன்னு."

"தட்டு ஏன் வேறன்னு யாராச்சும் கேட்டாங்களா சார்?"

"நான் ஃப்ரீயாச் சேத்திருக்கேன், அதப் பேசு. பழையபடி வெட்டிப் போடு. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன். மத்த கேம்ப்காரங்களும் நான் சொன்னாக் கேப்பாங்க."

கடலுக்கு அடியில் இன்டர்நெட் கம்பி போட்டவன் அறிவியலை நம்பினான். படித்தவர்கள் அந்தக் கம்பி வழியே தீட்டை அனுப்பினார்கள். தட்டைப் பற்றி ஒரு மெயிலும் இல்லை.

"ஓரமா ஒரு இஞ்சு கனகா. இத்தன நாளா நாமளே வெட்டுனதுதான" என்றான் ராஜேஷ்.

"இத்தன நாளா தெரியாம வெட்டுனோம்."

அவன் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. நீ செய்வது சரி என்றும் சொல்லவில்லை. படம் அப்படியே இருந்தது. வெள்ளைத்துரை சொன்னபடி செய்தார். மற்ற முகாம்காரர்கள் காரணம்கூடச் சொல்லாமல் விலகினார்கள்.

கோபம் வரும் என்று கனகா காத்திருந்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றிக் கட்டினாள், போனைத் துண்டிக்க எழுதிக் கொடுத்தாள், மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டாள். ராகு காலத்தில் ஆரம்பித்த தொழில் இப்படித்தான் ஆகும் என்று ராஜேஷின் அப்பா வந்து சொன்னார். அதே தெருவில் நல்ல நேரம் பார்த்துத் திறந்த எஸ்.டி.டி. பூத்தும் கேசட் கடையும் பூட்டிக் கிடந்தன. கனகா சும்மா தலையாட்டினாள்.

"வெப்சைட் முதல் பக்கத்துல கடைசியா என்ன எழுத?" என்று, கம்ப்யூட்டரைக் கட்டும் முன்பே ராஜேஷ் கேட்டிருந்தான். அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது.

"ஒண்ணும் வேணாம். அந்தப் படம் மட்டும் இருக்கட்டும்."

அப்போதே அதைத் தாளில் எடுத்துவைத்திருந்த பிரதியோடு பஸ் ஏறிக் கோச்சடைக்குப் போனாள். ஒச்சம்மாள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வரிசை நெடுக விரலை ஓட்டி மருதுவிடம் நிறுத்தினாள்.

"தாயி, இவன மட்டும் வெட்டித் தருவியா? செவுத்துல ஒட்டணும்."

"முழுசா இருக்கட்டுமேக்கா."

"வேணாம் தாயி. மொகம் மட்டும் போதும். அந்தத் தட்டு வேணாம்."

கனகா தாளைத் திரும்ப வாங்கினாள்.

"கத்தரிக்கோல் இருக்காக்கா?"

இருந்தது. மருதுவின் கை வாயில் இருந்ததால் அதையும் முகத்தோடு சேர்த்தே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. வெட்டிக் கொடுத்துவிட்டு, மீதித் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வாரேன்க்கா" என்று எழுந்தாள்.