பதினோரு முனை

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதை யாரிடமும் மறைத்ததில்லை. செமாபோக்கிலிருந்து புக்கிட் பாரு வரைக்கும் நாற்பது வருஷம் கடைப் பலகை எழுதியவன் நான். மூன்று மொழியில் எழுத்து இறக்குவேன், ஒன்றுகூடச் சாயாது. பட்டம் வாங்கியவர்கள் வந்து என்னிடம் அளவு கேட்டுப் போயிருக்கிறார்கள். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

ஆனால் இன்றைக்கும் என் வயிறு எரிகிற காரியம் ஒன்று உண்டு. இந்த மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம். காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் பள்ளி. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் ஓவியம்.

ஓவியம் என்றால் சாயம், தூரிகை என்று நினைக்காதீர்கள். எங்கள் வாத்தியார் கோயில் திருவிழாவுக்குக் காகிதப் பூ வெட்டுவதில் பேர்போனவர். மெல்லிய பட்டக் காகிதத்தைப் பாதியாக மடிப்பார், மறுபடி பாதி, பிறகு மூன்றாக, கடைசியில் இன்னொரு பாதி. சாய்வாக ஒரே வெட்டு. விரித்தால் பூ. எங்களுக்குத் தந்த பயிற்சி எல்லாமே அதுதான்: மடி, வெட்டு, விரி.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்ததும் சொன்னார்: "சுதந்திரத்துக்குப் பள்ளிக்கூட வாசல்ல வளைவு கட்டப்போறோம்டா. உச்சியில நம்ம கொடியோட நட்சத்திரம். எவன் வெட்டுறது நல்லா இருக்கோ, அதையே மேல வைப்போம். பெரிய வாத்தியார் எல்லார் முன்னாலயும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு."

பேரைச் சொல்லி! என் அப்பா நகரத்துக் கால்வாய்களைச் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தார். அந்த வகுப்பில் எனக்குப் பெயர் கிடையாது. "கால்வாய்க்காரன் மகன்" என்றுதான் வாத்தியாரே கூப்பிடுவார். அந்த வளைவில் என் நட்சத்திரம் ஏற வேண்டும், என் பெயரை ஒருமுறையாவது உரக்கச் சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மாதிரிக்கு அவரே ஒன்று வெட்டி விரித்துக் காட்டினார். நான் எண்ணினேன்.

"சார், பன்னண்டு முனை இருக்கு. கொடியில பதினொண்ணு."

"யார்ரா சொன்னா?"

"பாசார்ல கட்டியிருக்கிற கொடியில எண்ணிப் பாத்தேன் சார்."

"ஒத்தப்படையில எவனாவது பூ வெட்டுவானாடா?"

"பூ இல்ல சார். நட்சத்திரம்."

வகுப்பு சிரித்துவிட்டது. அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அடி எனக்கு. மர அளவுகோலின் விளிம்பால் விரல் முட்டியில் நாலு. "அப்பன் கால்வாய் அள்ளுறான், மவன் எஞ்சினியரு! திங்கக்கிழமை பதினொண்ணு வெட்டிட்டு வா, பாப்போம்."

பக்கத்தில் இருந்தவன் குசுகுசுத்தான்: "உனக்கு எதுக்குலா இந்த வேலை? பன்னண்டு இருந்தா கொடி பறக்காதா?"

வீட்டில் மடித்து மடித்துப் பார்த்தேன். அவர் மடிக்கிற மாதிரி மடித்தால் எட்டு வரும், பன்னிரண்டு வரும். பதினொன்று செத்தாலும் வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலிப் பால் டின்னைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டினாற்போலச் சுற்றி, சரியாக ஒரு சுற்று வெட்டி எடுத்தேன். அது கை தவறி, கோடு போட்ட நோட்டின் மேல் சாய்வாக விழுந்தது. பார்த்தேன். நோட்டுக் கோடுகள் பட்டையின் விளிம்பைச் சம தூரத்தில் தொட்டன. சாய்வைக் கூட்டிக் குறைத்து, பட்டையின் இரண்டு முனைக்கும் நடுவில் சரியாகப் பதினோரு இடைவெளி வரும்படி வைத்துக் குறி போட்டேன். டின்னை அட்டையின் நடுவில் நிறுத்தி, பட்டையை மறுபடி சுற்றி, குறிகளை இறக்கி, நடுவிலிருந்து கோடுகளை வெளியே இழுத்து, முனை முனையாக வெட்டினேன். பதினொன்று! யாரும் சொல்லித்தரவில்லை. பத்து வயதுப் பையன் தானாகக் கண்டுபிடித்தது. அட்டையின் ஒரு மூலையை எலி கடித்திருந்ததால் ஒரு முனை மட்டும் அரை விரல் குட்டை.

திங்கட்கிழமை வாத்தியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு தடவை எண்ணினார்.

"எவன்டா போட்டுக் குடுத்தான்? ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுல பலகை எழுதுறானே, அவன்கிட்ட போனியா?"

"நான்தான் சார். ஒரு பால் டின்னு குடுங்க, இங்கயே போட்டுக் காட்டுறேன்."

"பொய் சொல்ற வாய்க்கு டின்னு வேறயா? போய் வெளிய நில்லு."

நட்சத்திரத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். நான் வெயிலில் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து வளைவு எழுந்தது. உச்சியில் மஞ்சள் பூசிய நட்சத்திரம். வரிசையில் நின்றபடியே எண்ணினேன், பதினொன்று. வலது பக்கம் ஒரு முனை குட்டை. எலி கடித்த முனை! பெரிய வாத்தியார், "பலே, எப்படி இவ்வளவு கணக்கா வெட்டினீங்க?" என்று கேட்க, எங்கள் வாத்தியார் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "மூணு நாள் உக்காந்தேன் சார்."

எல்லோரும் கை தட்டினார்கள். என்னையும் தட்டச் சொன்னார்கள். தட்டினேன். அதற்காகத்தான் என்மேலேயே எனக்கு இன்னும் கோபம்.

வருஷங்கள் போயின. கடை வைத்தேன், ஆள் வைத்தேன். ஒரு நாள் அந்த வாத்தியார் வந்தார், தலை நரைத்து, வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை எழுத. மாநிலங்கள் கூடியதும் கொடிக்கு வந்த பதினான்கு முனை நட்சத்திரத்தை நான் சுவரில் வரைந்து வைத்திருந்தேன்; அதைப் பார்த்துவிட்டு என் ஆட்களிடம் ஆரம்பித்தார்: "இதென்ன பெரிசு! சுதந்திரத்தப்போ பதினோரு முனை வெட்டினவன் நான். எங்க பள்ளிக்கூட வளைவுல வச்சாங்க."

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காகிதத்தையும் கத்தரியையும் அவர் முன்னால் வைத்தேன்.

"வெட்டிக் காட்டுங்க சார். எங்க பசங்களும் பாக்கட்டும்."

சிரித்துக்கொண்டே எடுத்தார். பாதி. மறுபடி பாதி. மூன்றாக. இன்னொரு பாதி. வெட்டி விரித்தார்.

"எண்ணுங்க சார்."

எண்ணினார். சிரிப்பு நின்றது. "பழக்கம் விட்டுப்போச்சுப்பா."

"பழக்கம் விடல சார். அப்பவும் பன்னண்டுதான். அந்தப் பதினொண்ணு நான் போட்டது. பால் டின்ன வச்சுப் போட்டேன். ஒரு முனைய எலி கடிச்சிருந்துச்சு."

கத்தரியைக் கீழே வைத்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கால்வாய்க்காரன் மவனா நீ?" என்றவர், "உன் பேரு என்னப்பா?" என்று கேட்டார்.

மன்னித்திருக்கலாமே என்கிறார்கள் என் பிள்ளைகள். என்னால் முடியாது.

"உங்க பலகைய நான் எழுத மாட்டேன் சார்" என்றேன். "பேரு தெரியணும்னா ரோட்டுல இறங்கிக் கடைக்கு மேல பாருங்க. மூணு மொழியில எழுதியிருக்கு."