அருந்ததி ரீச்சரும் ஒன்றேகால் பஸ்ஸும்

முள்ளியவளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் அருந்ததி ரீச்சருக்கு வயது நாற்பத்தாறு. கணினி அறையில் இயங்குகிற ஆறு கணினிகளுக்கும் இயங்காத பதினான்குக்கும் அவரே பொறுப்பு. முன்பெல்லாம் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கப் பழக்குவதே பெரும்பாடு. இப்போது டெங்கு பற்றிக் கட்டுரை கேட்டால், வீட்டுப் போனில் ஏஐயிடம் வாங்கிக்கொண்டு மறுநாள் முப்பத்திரண்டு பேரும் வருகிறார்கள். முப்பத்திரண்டு கட்டுரையிலும் எங்கள் ஊர் நுளம்பு இல்லை, இந்தியக் கொசுதான் கடித்தது.

ரீச்சர் ஏஐயைத் தடைசெய்யவில்லை. தடைசெய்த எதையும் நம் பிள்ளைகள் இருமடங்கு ஆர்வத்தோடு கற்பார்கள் என்பது அவரது இருபது வருட அனுபவம். பதிலாக ஒரு சட்டம் போட்டார். அது தருகிற ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி கேட்கவேண்டும்: யார் சொன்னது, எப்போது சொன்னது, எங்கட ஊருக்குச் சரிவருமோ. பிள்ளைகள் முதலில் முனகினார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பழகாதவர் பள்ளி அதிபர் பரமலிங்கம் ஒருவரே. அவரிடம் இரண்டு நாள் ஏஐ செயலமர்வின் சான்றிதழ் இருந்தது. சான்றிதழ் உள்ளவரைத் திருத்த இந்த நாட்டில் வழியில்லை.

இந்த நேரத்தில்தான் பஸ் நேரம் மாறியது. பள்ளி விடுவது ஒன்றரைக்கு. ஒன்று நாற்பதுக்கு வந்த பஸ் ஒன்றேகாலுக்கு வரத் தொடங்கியது. அடுத்தது நாலு மணிக்கு. பஸ்ஸில் வரும் தூரக் குடியேற்றத்துப் பிள்ளைகள் கடைசிப் பாடமான கணிதத்தின் நடுவில் எழும்பி ஓடினார்கள். ஓடாதவர்கள் ஐந்து மணிக்கு வீடு போனார்கள். பத்தாம் வகுப்பு நஃப்லாவின் வாப்பா, இந்தத் தவணையோடு மகளைப் பள்ளியிலிருந்து நிற்பாட்டப்போவதாக ரீச்சரிடம் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ரீச்சரைத் தூங்கவிடவில்லை.

ரீச்சர் இதையே பாடமாக்கினார். பஸ் சாலைக்கு, அதாவது டிப்போவுக்கு, ஒரு கடிதம், முதல் வரைவு ஏஐயிடம், திருத்தம் பிள்ளைகளிடம். வரைவு வந்தது. எங்கள் நாட்டில் இல்லாத மாவட்ட ஆட்சியருக்கு வணக்கம் சொல்லி, யாரும் எழுதாத பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காகக் கண்ணீர் விட்டு, நான்கு பக்கம் நடந்தது. நஃப்லாவும் கூட்டாளிகளும் மூன்று கேள்வியையும் கேட்டு வெட்டினார்கள். வெட்டி முடிய ஏழு வரி மிஞ்சியது. அதில் பழைய நேரம், புதிய நேரம், பிள்ளைகளின் தொகை, கேட்கிற நேரம் எல்லாம் இருந்தன.

அதிபர் அதைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்தார்.

"ஏழு வரியோ ரீச்சர்? பள்ளிக்கூடத்தின்ர மரியாதை என்னாகிறது?"

அவர் தன் போனில் தானே ஒரு கடிதம் செய்வித்து, முத்திரை குத்தி அனுப்பினார். பிரதியைப் பார்த்த ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டார். ஆட்சியர் திரும்பி வந்திருந்தார்.

"சேர், இது எங்கட நாட்டுக் கடிதமே இல்லை. வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

"வாசிக்காமலோ அனுப்புவன்? மேலால பாத்தனான்."

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஆட்சியரின் பரிந்துரை மிகுந்த அக்கறையுடன் பரிசீலிக்கப்படுவதாகவும், கோடை விடுமுறைக்குப் பின் மாணவர் நலன் காக்கப்படும் எனவும் சாலை உறுதியளித்தது. அதிபர் அதை அறிவித்தல் பலகையில் ஒட்டி, காலைக் கூட்டத்தில் கைதட்டலும் வாங்கினார். நஃப்லா பலகையடியில் நின்று ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டாள். பிறகு ரீச்சரிடம் வந்தாள்.

"ரீச்சர், இதில பஸ்ஸே இல்லை."

அன்று பின்னேரம் ரீச்சர் அந்த ஏழு வரியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் சாலைக்குப் போனார். பஸ் நேரங்களைப் போடுகிற தில்லைநாதன் நின்றபடியே வாசித்து முடித்தார்.

"இதை முதலே தந்திருக்கலாமே ரீச்சர். மற்றது நாலு பக்கம். ஆருக்கு வாசிக்க நேரம்? போனில போட்டுத்தான் பதில் எடுத்தனாங்கள்."

அப்படியானால் ஒரு மாதமாக இரண்டு போன்கள் ஒன்றுக்கொன்று மரியாதை செலுத்திக்கொண்டிருந்தன. பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். ரீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தில்லைநாதன் அதற்குள் பேனையை எடுத்து நேர அட்டவணையில் ஒன்றேகாலை வெட்டி, ஒன்று நாற்பது என்று போட்டுவிட்டதால் விழுங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை பஸ் ஒன்று நாற்பதுக்கு நின்றது. நஃப்லாவின் வாப்பா இரண்டு நாள் வாசலில் நின்று நேரம் பார்த்தார். மூன்றாம் நாள் கடையைத் திறக்கப் போய்விட்டார். அதிபர், ஏஐ கடிதத்தால் பஸ் பெற்ற வரலாற்றை வலயக் கல்விப் பணிமனைக்கு அறிக்கையாக அனுப்பினார். அதுவும் நான்கு பக்கம்.

கவலைப்பட்டவர் கணித ஆசிரியர் மட்டுமே. இனி அவர் ஒன்றரை வரைக்கும் படிப்பிக்கவேண்டும்.