வெள்ளைக் கட்டம்

என் முகத்தைப் பத்து அடி உயரத்துக்கு, கன்னத்தில் ரோஸ் பூசி வரைந்த ஒரே மனிதர் தருமன். அதற்காக அவர் மேல் வந்த கோபம் எனக்கு இரண்டு மாதம் இறங்கவில்லை. அப்புறம் அதே மனிதரால் என் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு சாயங்காலமும் வாய்த்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தருமனுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். நிலக்கடலை பயிரிடும் குடும்பம். களை எடுக்க அனுப்பினால் பம்புசெட் சுவரில் கரித்துண்டால் நடிகர்களை வரைந்துகொண்டிருந்தவரை, பதினேழு வயதில் அப்பாவே திருவண்ணாமலைக்குக் கூட்டிவந்து ஒரு தியேட்டரில் பேனர் வேலைக்குச் சேர்த்துவிட்டார். 1979இல் நான் அவரைத் தேடிப் போனபோது அந்த தியேட்டரின் பேனர் எல்லாம் அவர் கைதான். சினிமா கம்பெனி அனுப்பும் போட்டோவின், அதாவது ஸ்டில்லின் மேல் பென்சிலால் கட்டம் போடுவார். அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக, சாக்பொடி தடவிய நூலை இழுத்து அடித்துப் போடுவார். பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். ஸ்டில்லில் மூக்கு எந்தக் கட்டத்தில் முடிகிறதோ, துணியிலும் அங்கேதான் முடியும். படம் ஓடி முடிந்ததும் அதே துணிக்கு வெள்ளையடித்து அடுத்த படத்தை வரைவார்.

“இருபது வருஷமா வரையறேன் சார். நீ வரைஞ்சதுல ஒண்ணு காட்டுனு யாராவது கேட்டா, காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல,” என்றார் ஒருமுறை.

அவர் மனைவி பாஞ்சாலை இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்: “எங்க ஊட்டுக்காரருதான் வரைவாரு, அவரேதான் அழிப்பாரு.” தருமன் அதற்குச் சிரிக்க மாட்டார்.

நான் மெட்ராஸ் ஸ்டூடியோக்களில் பன்னிரண்டு வருஷம் வயலின் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவன். சும்மா இருக்கத் தெரியாமல் நாலு பேர் குழு ஒன்று சேர்த்தேன். நானும், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்த திரௌபதியும் வயலின். வேலூரிலிருந்து இரண்டு பேர் பஸ்ஸில் வருவார்கள். ஒருவரிடம் வியோலா, வயலினைவிடச் சற்றுப் பெரிது. இன்னொருவரிடம் செல்லோ, அது ஒரு ஆள் உயரம். அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரோடு போட்ட சண்டை தனிக் கதை. வாசித்தது முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் நாலு தந்தி வாத்தியங்களுக்கென்றே எழுதிவைத்த சங்கீதம். பாட்டு கிடையாது, மிருதங்கம் கிடையாது. யார் உட்கார்ந்து கேட்பார்கள்? கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தால் ஜனங்கள் எழுந்து போக மாட்டார்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை. மாதம் ஒரு கச்சேரி, கச்சேரிக்கு ஒரு ஓவியம் என்று நாலு மாதத்துக்குத் திட்டம் போட்டேன். இசையைக் கேட்டு வரைந்த ஓவியங்கள் என்று நோட்டீஸும் அடித்துவிட்டேன். வருவதாகச் சொன்ன மெட்ராஸ் ஓவியர் கடைசி நேரத்தில் கைவிரித்தார். ஓடிப்போய் தருமனைப் பிடித்தேன்.

“ஸ்டில் குடுங்க சார்,” என்றார். எங்கள் நால்வரின் போட்டோ ஒன்றைக் கொடுத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முதல் கச்சேரியன்று சின்னக்கடைத் தெரு மண்டபத்துக்குப் போனால் வாசலில் ஒரே கும்பல். மேடையில் தொங்க வேண்டியதை தருமன் வாசலில் கட்டியிருந்தார். அதில் நான் வயலினைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு முறைக்கிறேன். திரௌபதி டீச்சரின் கண்ணில் நீர் முட்டி நிற்கிறது. கீழே சிவப்பில், ‘இன்று முதல், தினசரி மூன்று காட்சிகள்’. எல்லாம் கைப்பழக்கம். உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் கால் மணி நேரம் பொறுத்தார்கள். பிறகு ஒருவர் எழுந்து, “படத்த எப்ப சார் போடுவீங்க?” என்றார். விசில் பறந்தது. பாதி மண்டபம் காலியானது.

இரண்டாவது கச்சேரிக்கு ஓவியமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருபது பேர் வந்தார்கள். அதில் எட்டுப் பேர் என் சொந்தக்காரர்கள்.

மறுநாள் காலையில் தருமன் என் வீட்டு வாசலில் நின்றார். “இன்னொரு தபா குடுங்க சார். யார் மூஞ்சியும் போட மாட்டேன். எனக்குனு ஒரு படம் வரையணும்.”

“எதப் பாத்து வரைவீங்க?”

“அதான் தெரியல சார். எதையும் பாக்காம வரைஞ்சதே கெடையாது. ஸ்டில் மாதிரி ஏதாவது இருந்தா…”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேஜையில் கிடந்த இசைத்தாள்களை எடுத்து அவர் கையில் திணித்தேன். “இந்தாங்க, இதான் ஸ்டில்!”

அவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அட, இதுல ஏற்கெனவே கட்டம் போட்டிருக்கே சார்!”

அந்தத் தாளில் நாலு வாத்தியங்களுக்கு நாலு வரிசை, ஒன்றின் கீழ் ஒன்றாக. நாலு எண்ணிக்கைக்கு ஒருமுறை மேலிருந்து கீழே ஒரு கோடு. அவர் சொன்னது சரிதான். இத்தனை வருஷம் பார்த்தும் என் கண்ணுக்கு அது கட்டமாகப் பட்டதில்லை.

மூன்று வாரம் ஒத்திகைக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். “சார், அந்த இருபத்தோராவது கட்டம் இன்னொரு வாட்டி,” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். திரௌபதி டீச்சர்தான் பொறுமையாக வாசித்துக் காட்டுவார். அவ்வளவு அகலத்துக்குத் தைத்துப் பக்குவப்படுத்திய துணி தியேட்டரில் மட்டுமே, அதுவும் உபரியாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேனேஜர் சகாதேவன் நிபந்தனையோடுதான் கொடுத்தார். மூன்றாவது கச்சேரி புதன்கிழமை. வெள்ளிக்கிழமை புதுப் படம் ரிலீஸ். கச்சேரி முடிந்த கையோடு துணி திரும்பி வர வேண்டும், வெள்ளையடித்து அதில்தான் பேனர். தருமன் தலையாட்டினார். தனக்கென்று வரைகிற முதல் படமும் இரண்டே நாளில் அழியும் என்று தெரிந்தே வரைந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

புதன்கிழமை மேடைக்குப் பின்னால் அறுபத்து நாலு கட்டங்கள் தொங்கின. ஒவ்வொரு கட்டத்திலும் என் வயலினுக்கு மஞ்சள், டீச்சருக்குச் சிவப்பு, வியோலாவுக்குப் பச்சை, செல்லோவுக்கு நீலம். சத்தம் ஏறும் இடத்தில் வண்ணம் தடிக்கும், இறங்கும் இடத்தில் மெலியும். முகமும் இல்லை, மலையும் இல்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் ஊர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். தருமன் மேடையேறி, “மேல எடது பக்கம் ஆரம்பிங்க. மனசுல நாலு எண்ணுங்க, அடுத்த கட்டத்துக்குப் போங்க. அவ்ளோதாங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

வாசிக்கத் தொடங்கினோம். இருநூறு தலைகள் இடமிருந்து வலமாக நகர்ந்தன, வரிசை முடிந்ததும் சேர்ந்து திரும்பின. ஒருவரும் எழுந்து போகவில்லை. அதைப் பார்த்த பூரிப்பில் நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். நாலு வாத்தியமும் நின்றுவிடுகிற ஒரு இடம் உண்டு. அங்கே தருமன் எதுவும் பூசாமல் வெள்ளையாக விட்டிருந்தார். அந்த இடத்தில் நான் பாட்டுக்கு வில்லை இழுத்துவிட்டேன்.

“ஏங்க! வெள்ளக் கட்டத்துல வாசிக்கறீங்க!”

கத்தியது கடலை மண்டியில் மூட்டை தூக்கும் சுப்பன். அன்றுவரை வயலினை அருகில் பார்த்திராதவர். “ஆமாங்க, ஆமா,” என்று மண்டபமே சொன்னது. ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருஷம் நான் செய்த தப்பை யாரும் கண்டுபிடித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட ஜாஸ்தியாகச் சந்தோஷமாக இருந்தது. “தப்புதாங்க,” என்று எழுந்து கும்பிட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இந்த முறை வெள்ளைக் கட்டம் வந்தபோது நாங்கள் நிறுத்தினோம். மண்டபமும் மூச்சை நிறுத்தியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இருநூறு பேரும் எண்ணி முடித்த அந்தக் கணத்தில் நாலு வில்லும் ஒன்றாக இறங்கின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்ததும் விடவில்லை, மறுபடியும் வாசிக்க வைத்தார்கள்.

கைதட்டல் ஓயும் முன்னே சகாதேவன் மேடைக்கு வந்தார். “தருமா, அவுத்துடு. வண்டி வெளிய நிக்குது.”

தருமன் ஏணியில் ஏறினார். கயிற்று முடிச்சில் கை வைத்தார். பிறகு அவிழ்க்காமல் இறங்கினார்.

“துணி குடுக்க முடியாதுங்க.”

“இன்னாடா சொல்ற?”

“இத என் கையால அழிக்க முடியாதுங்க. வேலைய விட்டு வேணா நிறுத்திக்கங்க.”

சகாதேவன் கோபமாகத்தான் நிமிர்ந்தார். ஆனால் பார்வை படத்தின் மேல் போய்விட்டது, அங்கேயே நின்றுவிட்டது. “நானும்தான் எண்ணிக்கினு இருந்தேன்,” என்றார். அப்புறம் பாவம்போல, “வெள்ளிக்கெழம நான் இன்னாத்தடா கட்டறது?” என்றார்.

ஒன்றையும் கட்டவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் ஒரு புதுப் படம் பேனர் இல்லாமல் ரிலீஸ் ஆனது. தருமன் அன்று முழுக்க மண்டபத்தில்தான் இருந்தார், வந்தவர்களுக்கெல்லாம் தன் படத்தைக் காட்டிக்கொண்டு.