அவர் நிரப்பாத சிலிண்டர்

தீயணைப்பு நிலையத்தில் அவருக்குப் பெயர் பிராணி. சந்தேகப் பிராணி என்பதில் பாதியைச் சோம்பலில் விட்டுவிட்டார்கள். வண்டி கிளம்புமுன் எல்லாரும் ஒரு விநாடி கண்ணை மூடிக் கும்பிடுவார்கள். இவர் அந்த நேரத்தில் ஏணிக் கொக்கியை இழுத்துப் பார்ப்பார். "சாமியையும் ஒரு தடவை இழுத்துப் பாத்துக்கோ, மச்சான்" என்று வம்புக்கு இழுப்பான் அவருடைய ஜோடி.

இருவருக்கும் உறவு ஒன்றும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றாகவே நெருப்புக்குள் போய் வந்ததில் மச்சான் ஆகிவிட்டார்கள். அவன் மனைவி இவருக்குத் தங்கச்சி ஆனாள்.

பெயிண்ட் கிடங்கு பற்றி எரிந்த அன்று உள்ளே சிக்கிய தொழிலாளர்கள் அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். மச்சான் வரவில்லை. ஊர் கை தட்டிக்கொண்டிருந்தது. நிலையத்து ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு குழாயைச் சுருட்டினார்கள்.

முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரை அவரவர்தான் நிரப்ப வேண்டும். அது அந்த நிலையத்தில் மாறாத வழக்கம். அன்று மட்டும் பிராணியின் சிலிண்டரை ஆபீசரே கழற்றிக்கொண்டு போய், இவர் முகம் கழுவி வருவதற்குள் நிரப்பி வைத்துவிட்டார். எதற்கு?

பிறகு எதைப் பார்த்தாலும் உறுத்தியது. இவர் உள்ளே நுழைந்தால் பேச்சு பாதியில் நின்றது. டிரைவர் டீயை ஆற்றிக் கையில் கொடுத்தான். நேற்றுவரை காலை வாரிவிட்டவர்கள் திடீரென்று தாங்கு தாங்கென்று தாங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மச்சானுக்குக் கோளாறான சிலிண்டரைக் கொடுத்துவிட்டு எல்லாரும் கூட்டாக மூடி மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

ஆபீசரைச் சிலிண்டர் அறையில் மடக்கினார்.

"ஓட்டைச் சிலிண்டர மாட்டி அவன அனுப்பிட்டு இப்போ நடிக்கிறீங்களாண்ணே?"

"அது நல்ல சிலிண்டர்தான்டா. காத்து தீந்துபோச்சு, அவ்வளவுதான்."

"அப்போ என்னோடத எதுக்கு அவசரமா நிரப்புனீங்க?"

ஆபீசர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதுல காத்து பாதிக்கு மேல இருந்துச்சு."

பிராணி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காற்று தீரப்போகும்போதுதான் சிலிண்டர் விசிலடிக்கும்; யாருடையது அடிக்கிறதோ அவர் வெளியேற வேண்டும். அன்று கடைசியாக இரண்டு தொழிலாளர்கள் மிஞ்சியிருந்தார்கள். ஒருவரை இவர் தோளில் தூக்கியிருந்தார். இன்னொருவர் சாய்ந்த அலமாரிக்கு அடியில் கிடந்தார். அப்போது விசிலடித்தது. புகையில் இருவரும் ஒட்டி நின்றதால் யாருடையது என்று தெரியவில்லை. இரண்டு கையிலும் ஆள் இருந்ததால் மீட்டரைப் பார்க்க வழியில்லை. மச்சான்தான் முதுகில் தட்டிக் கத்தினான்: "உன்னுதுதான் அடிக்குது! நீ போ, இவர நான் எடுத்துட்டு வரேன்!"

அந்த ஆளை ஜன்னல் வழியே வெளியே தள்ளிய பிறகுதான் மச்சான் விழுந்தான்.

"ஏண்ணே எங்கிட்ட மறைச்சீங்க?"

"நிரப்பி வெச்சது நான். விஷயத்தச் சொன்னதும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டது உன் தங்கச்சி. தெரிஞ்சா நீ மறுபடி நெருப்புக்குள்ளயே போகமாட்டேன்னு அழுதுச்சு."

நேராக அவள் வீட்டுக்குப் போனார். பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். மடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"அவருக்குப் பொய் சொல்லவே வராதேண்ணே. சொன்னா குரலே காட்டிக் குடுத்துடும். எங்கிட்ட ஒரு தடவகூடத் தப்பிச்சதில்ல" என்றாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஊரையே சந்தேகப்படுற உங்களுக்கு அன்னைக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

பிராணி வாசல்படியில் நின்றபடியே தேம்பித் தேம்பி அழுதார்.

"அவன் சொன்னா நான் சந்தேகப்படமாட்டேன்மா. அது அவனுக்குத் தெரியும்."