கூடை இல்லாத தாள்

மழையில் நனைந்த கயிற்றின் வாசனை வந்தால் எனக்குக் கோபம் வரும். கயிறு, அதில் ஊறிய தேங்காயெண்ணெய், தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், மூன்றும் சேர்ந்த வாசனை அது. ஹட்டன் பஸ்ஸில் யாராவது அந்த வாசனையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கோபம் அவர்கள் மேல் வராது, என் மேல்தான் வரும். ஏன் என்பதை, இந்தக் கிளினிக் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

போட்டோ

ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், நான் உதவியாளராக இருக்கும் கிளினிக். டாக்டர் கொழும்பிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். தொங்கும் மேல் இமையில் மிஞ்சிய தோலை வெட்டித் தைப்பது முக்கிய வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் வசதியான அம்மாக்கள். வெட்டிக்கொண்டு, நுவரெலியாவில் பங்களா எடுத்து, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வீக்கம் வடியக் காத்திருப்பார்கள்.

செபமாலை அக்கா அப்படி வந்தவர் அல்ல. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். பெரியாஸ்பத்திரி வரிசை நகரவில்லை என்று, கொழும்பில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்பிய காசோடு வந்திருந்தார். தலைத்துணியை அவிழ்த்ததும் அந்த வாசனை அறையெல்லாம் பரவியது. நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதலில் போட்டோ. புருவத்தைத் தூக்காமல் நேரே பார்க்க வேண்டும். அக்காவுக்கு அது முடியவில்லை. புருவத்தை விட்டதும் தோல் சரிந்து கருமணியில் பாதியை மூடியது.

"கூடை மாட்டுனா நல்லா தெரியுதுங்க மிஸ்ஸி" என்றார். "கயிறு இழுத்துப் புடிக்கும்ல. எறக்கி வச்சா இருட்டிக்கிட்டு வருது. லயத்து வீட்டுக்கு எறங்கையில ரெண்டு தரம் விழுந்துட்டேன்."

முதுகுக் கூடையின் கயிறு தலையில் முடி தொடங்கும் இடத்தில் கிடக்கும். முதுகில் பாரம் ஏற ஏற நெற்றித் தோல் பின்னுக்கு இழுபடும், இமையும் கூடவே மேலே போகும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லிந்துலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அம்மா, கயிறு தேய்த்த வழுக்கைக் கோட்டோடுதான் குழிக்குள் போனாள். ஆனால் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு நான்தான் நாக்கு. பார்வை கொஞ்சம் குறைவு என்கிறார், அவ்வளவுதான் சொன்னேன். முழுவதையும் சொல்லியிருந்தால் கூடை, கயிறு, லயம் எல்லாம் என் வாயிலிருந்து வந்திருக்கும். நான் தோட்டத்துப் பிள்ளை என்று காட்டிவிடும் அந்தச் சொற்களை அந்த அறையில் நான் அதுவரை உச்சரித்ததே இல்லை.

டாக்டர் எல்லாருக்கும் எழுதுவதையே எழுதினார். கொஸ்மெட்டிக்.

அச்சடித்த தாள்

ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதற்கு எங்களிடம் ஒரு தாள் உண்டு. அதை வாசித்துக் காட்டுவது என் வேலை. அஸ்பிரின் குடிப்பவர் என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முடிந்த பிறகு இரண்டு தலையணை வைத்துப் படுக்க வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் வைக்க வேண்டும். குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. மை வேண்டாம். கொன்டாக்ட் லென்ஸ் வேண்டாம். நீச்சல் வேண்டாம். ஜிம்முக்குப் போக வேண்டாம்.

ஜிம் என்றால் என்ன என்று அக்கா கேட்டார். சொன்னேன். "பாரந் தூக்குறதுக்கு அவுங்களே காசு குடுப்பாங்களா?" என்று சிரித்தார். ஐஸுக்கு எங்கே போவீர்கள் என்றதற்கு, விடியற்காலையில் தங்கள் பைப்பில் ஐஸ்தான் வருகிறது என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த வரியை வாசித்தேன். ஜிம்மும் நீச்சலும் இருந்த அந்தத் தாளில் கூடை இல்லை. கூடையால் வளர்ந்த என் கையில் அந்தத் தாள் இருந்தும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஆப்பரேஷன். படுத்தால் தோல் வேறு பக்கம் சரிந்துவிடும் என்பதால் உட்கார வைத்துத்தான் பேனாவால் கோடு போடுவார்கள். மரத்துப்போக ஊசி, வெட்டு, தையல். அக்கா அசையவே இல்லை, உதடு மட்டும் மரியாயே வாழ்க சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் லீவுக் கடிதம், களிம்பு, கறுப்புக் கண்ணாடி கொடுத்து அனுப்பினோம். ஏழாம் நாள் தையல் பிரிக்க வரச் சொன்னேன்.

ஏழாம் நாள்

சொன்ன நாளில் வந்தார். கண்ணாடியைக் கழற்றினேன். வலது கண் அழகாக ஆறியிருந்தது. இடது இமையில் தையல் விட்டு, புண் வாய் திறந்து, இரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. நெற்றிக்கு மேலே, குறுக்காக, சிவந்த ஒரு கோடு.

என்ன நடந்தது என்று மெல்ல மெல்லச் சொன்னார். திங்கட்கிழமை காலை பெரட்டில், வேலை பிரிக்கும் இடத்தில், கடிதத்தை, தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையாவிடம் நீட்டியிருக்கிறார். அவர் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்திருக்கிறார்: கொஸ்மெட்டிக். அப்படியென்றால் அழகு ஆப்பரேஷன் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். செபமாலைக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்று யாரோ கேட்க, பெரட்டே சிரித்திருக்கிறது. அழகுக்கெல்லாம் லீவு கிடையாது, மூன்று நாளில் வராவிட்டால் பெயரை வெட்டுவேன் என்று கண்டாக்கு சொன்னாராம். வியாழக்கிழமை கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினார். இரண்டாம் முறை கூடை நிறைந்தபோது ஏதோ பிய்ந்த மாதிரி இருந்ததாம்.

"தாளுல கூடையப் பத்தி ஒண்ணும் இல்லீங்களே மிஸ்ஸி" என்றார். குற்றம் சொல்லும் குரலில்லை. மன்னிப்புக் கேட்கும் குரல். அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே போய் டாக்டரிடம் முழுவதும் சொன்னேன். கூடை. கயிறு. இருட்டு. லயத்துப் படி. இரண்டு வாரத்துக்கு முன் விழுங்கியதையெல்லாம் அவர் மேசையில் கொட்டினேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேனே என்றார். அவர் சொன்னது சரி, அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. ஆனால் அவரிடமும் கேட்டேன்: கருமணி மறைந்திருக்கிற போட்டோ உங்கள் கையில்தானே இருந்தது? அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். புண்ணைச் சுத்தம் செய்து மறுபடி தைத்தார். புதிய கடிதம் எழுதினார். இமை பார்வையை மறைத்ததால் செய்த சிகிச்சை, மூன்று வாரம் தலையில் எந்தப் பாரமும் கூடாது.

அதே போட்டோ, அதே கண், ஒரு வரிதான் வேறு.

பெரட்டு

ஞாயிற்றுக்கிழமையே போய் அக்காவின் காம்பிராவில், லயத்து ஒற்றை அறையில், தங்கினேன். காலையில் அவரோடு பெரட்டுக்குப் போனேன். கண்டாக்கு கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று மடித்தார்.

"மொதக் கடிதத்த எல்லாருக்கும் வாசிச்சீங்களாமே. இதையும் வாசிங்க" என்றேன்.

"பேப்பர்ல என்ன இருந்துச்சோ அதத்தானே மிஸ்ஸி வாசிச்சேன்."

"இதுலயும் பேப்பர்ல இருக்கிறதத்தான் வாசிக்கச் சொல்றேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முணுமுணுத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "சத்தமா வாசிங்கையா, அன்னிக்கு நல்லா கேட்டுச்சு." இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. வாசித்தார். மூன்று வாரம் என்று புத்தகத்தில் பதிந்தார்.

நான் ஜெயித்தேன் என்று எழுதப் போவதில்லை. இடது இமையில் தடித்த கோடு நின்றுவிட்டது, அது இனிப் போகாது. அதற்கு நானும் ஒரு கை கொடுத்திருக்கிறேன். இப்போது தாளை எடுப்பதற்கு முன் கேட்கிறேன்: என்ன வேலை செய்றீங்க, எதத் தூக்குவீங்க, தலையில எது படும்? தாளின் அடியில் "கூடை, சாக்கு, விறகு" என்று பேனாவால் எழுதி, அதைத்தான் போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கிறேன். நீங்களும் கேளுங்கள். சொல்வதை முழுவதும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரட்டு முடிந்த அன்று பஸ் ஏற்றிவிட அக்கா ரோடு வரை வந்தார். பனி விலகி மலை பச்சையாக நின்றது. எதிர்ச் சரிவில் பறிப்பவர்களை, இமையைத் தூக்கிப் பிடிக்கக் கையை நெற்றிக்குக் கொண்டுபோகாமல், பெயர் சொல்லிச் சொல்லிக் காட்டினார். பஸ் வந்தது. மன்னிச்சிருங்கக்கா, அன்னைக்கு நான் சரியாக் கவனிக்கல என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார்.

"மொத நாளு நான் வந்து ஒக்காந்ததும் ஜன்னலத் தொறந்தியே புள்ள, கண்ணு மறைச்சிருந்தாலும் அது எனக்குத் தெரிஞ்சிச்சு."