சூளைக்குள் போகாத பங்குகள்

குவைத் அரசு வழங்கிய அடையாள அட்டையின்படி முகம்மது ரியாஸ் ஒரு வீட்டுச் சமையல்காரர். விசாவிலும் அப்படித்தான் இருந்தது. விமான நிலையத்தில் எந்த அதிகாரி கேட்டாலும் அப்படித்தான் சொல்லியாக வேண்டும். மங்கலம்பேட்டையில் அவருடைய அம்மா ஜைத்தூன் பீவியைக் கேட்டால், மகனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் எரியும் என்பதே தெரியாது என்பார். ரியாஸை வரவழைத்த அரபியின் வீட்டில் நிஜமான சமையல்காரர்கள் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாவது சமையல்காரர் அரபியின் சரக்குக் கம்பெனியில், ஏசி அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தார்.

வளைகுடாவில் சம்பாதிப்பவர்கள் மாடி கட்டுவார்கள், நகை வாங்குவார்கள், மனை வாங்குவார்கள். மிச்சம் இருந்தால் வங்கியில் போடுவார்கள். ரியாஸ் வங்கியில் போடவில்லை, ஏனென்றால் வட்டிக் காசு வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஜைத்தூன் பீவி சொல்லியிருந்தார். பங்கு வாங்கினால் அது வியாபாரத்தில் கூட்டு, லாபமும் நஷ்டமும் பொது, அதில் வட்டி இல்லை என்று யாரோ விளக்கியிருந்தார்கள். இப்படியாக, பாவத்துக்குப் பயந்தே பங்குச் சந்தைக்குள் நுழைந்தார். அங்கேயும் வங்கிப் பங்கு வேண்டாம், சாராயக் கம்பெனி வேண்டாம், சிகரெட் வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டே வந்ததில் கடைசியில் மிஞ்சியவை ரோடு போடுகிறவை, மின்சாரம் தயாரிக்கிறவை, அடுக்குமாடி கட்டுகிறவை. அந்த வருடங்களில் இந்தக் கம்பெனிகளின் பங்குகள் ஏறின ஏற்றத்தைப் பார்த்தால், மார்க்கத்துக்குக் கட்டுப்பட்டதற்கு இந்த உலகத்திலேயே கூலி கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது.

2007 ஆகஸ்டில் லீவில் வந்தார். குவைத்துக்கு வெளியே ஆறு மாதம் இருந்துவிட்டால் விசா செத்துப்போகும். அதற்குள் திரும்பவேண்டும், அல்லது திரும்பவே வேண்டாம். திரும்பவே வேண்டாம் என்பதுதான் அவருடைய ஆசை. அவர் மனைவி அஸ்பியாவின் ஆசையும் அதுவே. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்த மாதங்களை எண்ண ஒரு கையே போதும் என்று அஸ்பியா சொல்வாள். கொஞ்சம் மிகைதான், ஆனால் யாரும் திருத்தியதில்லை.

திரும்பாமல் இருக்க ஒரு வழி இருந்தது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் கொளஞ்சியப்பன் என்பவர் பீங்கான் பியூஸ் கேரியர் செய்கிற யூனிட் வைத்திருந்தார். பழைய சூளையை இடித்துவிட்டு கேஸ் சூளை கட்டவேண்டும், கூட்டுக்கு ஆள் வேண்டும். ரியாஸ் பாதிப் பங்கு போட்டால் கணக்கையும் விற்பனையையும் அவரே பார்த்துக்கொள்ளலாம். வட்டி இல்லாத கூட்டு வியாபாரம், அதிலும் வீட்டுக்குப் பக்கத்தில். ஆனால் பங்குகளை அன்றைய விலைக்கு விற்றால் பாதிப் பங்குக்கு எட்டவில்லை. ஏறுகிற வேகத்தில் இன்னும் ஒரு வருடம் போனால் எட்டும். அந்த ஒரு வருடத்தை இங்கே இருந்து காத்திருப்பதா, குவைத்தில் இருந்து காத்திருப்பதா? இங்கே காத்திருந்து, நடுவில் சந்தை கவிழ்ந்துவிட்டால் சூளையும் இல்லை, விசாவும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஓர் இணையதளம் வந்தது. குவைத்தில் பக்கத்து நாற்காலிக்காரரான ஒரு மலையாளி அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். நம்மிடம் இருக்கும் பங்குகளின் பெயரை அதில் அடிக்கவேண்டும். பிறகு, நடந்து முடிந்த கெட்ட காலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தொண்ணூற்றிரண்டு பங்குச் சந்தை ஊழல், இரண்டாயிரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கவிழ்ந்தது, இரண்டாயிரத்து நான்கில் தேர்தல் முடிவு வந்த வாரம் என்று வரிசையாக இருக்கும். பொத்தானை அழுத்தினால், இதே பங்குகளோடு அந்தக் காலத்தில் நீங்கள் மாட்டியிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று தளம் சொல்லும். அடுத்தவர்கள் அழுதது நமக்குக் கணக்காக வரும்.

ஜனவரி முதல் வாரத்தில், விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ரியாஸ் இரண்டாயிரத்தைத் தேர்ந்தெடுத்து அழுத்தினார். நூற்றுக்கு எட்டு போயிருக்கும் என்று வந்தது. ஊரே மூழ்கிய வெள்ளத்தில் இவருக்கு மட்டும் கணுக்கால்தான் நனைந்திருக்கும் என்று அர்த்தம். குவைத் திரும்ப மாட்டேன் என்று அன்றே வீட்டில் சொன்னார். ஜைத்தூன் பீவி இரண்டு ரக்அத் தொழுதார். அஸ்பியா பிரியாணிக்கு அரிசி ஊறப்போட்டாள்.

கொளஞ்சியப்பனிடமும் சொன்னார். சூளையிலிருந்து வந்த சரக்கில் ஒன்றை எடுத்து உடைத்து, உடைந்த முகத்தைச் சிவப்பு மையில் முக்கி, மை உள்ளே ஊறவில்லை என்று பார்த்த பிறகே மீதியைப் பெட்டியில் அடுக்க விடுகிற மனிதர் அவர். பரீட்சை வைத்துப் பாஸான பொருள் என்றால் அவருக்குப் பெரிய மரியாதை. வங்கியில் சும்மா கிடந்த சூளைப் பணத்தை எடுத்து ரியாஸ் வைத்திருந்த அதே கம்பெனிகளில் போட்டார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், அஸ்பியா பூண்டு உரித்துக்கொண்டே அந்த நல்ல செய்தியை இன்னொரு தடவை கேட்க விரும்பினாள். ஒவ்வொரு கம்பெனியாக அது எப்படித் தாக்குப்பிடித்தது என்று கணவர் விவரிப்பதில் அவளுக்கு ஒரு ருசி விழுந்திருந்தது. வளைகுடாக் குடும்பங்களில் காலத்தை வருடத்தால் கணக்கிடுவது குறைவு, லீவுகளால்தான் கணக்கிடுவார்கள்.

"ஏங்க, இந்த ரோடு போடுற கம்பெனிக்கு நம்ம சின்னவளுக்குக் காது குத்துன லீவுலதானே ஃபாரம் எழுதுனீங்க? இப்பத்தான் புதுசா ஆரம்பிக்கிறான், மொத ஆளா வாங்கிடணும்னு சொன்னீங்க. அது எப்படிங்க ரெண்டாயிரத்துல தாங்குச்சி? அப்ப நமக்கே நிக்காஹ் ஆவலையே."

அவள் கேள்வி கேட்கவில்லை, பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அவள் அடுத்த பூண்டை எடுக்கும்போது ரியாஸ் வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

பாலக்கரையில் அதே சென்டரில், அதே பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரி இருந்தது. குறிப்பிட்ட காலத்தில் விலை விவரம் இல்லாத பங்குகள் ஏறவும் இறங்கவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். அவரிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாயிரத்தில் பிறக்கவே இல்லை. பிறக்காதவர்கள் யாரும் வெள்ளத்தில் சாகவில்லை என்று தளம் நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த எட்டுக்கூட, இருந்த இரண்டு கிழட்டுக் கம்பெனிகள் தனியாகப் பட்ட அடி.

புதிய கம்பெனிகளின் பெயரை அழித்துவிட்டு, அதே தொழிலில் இருந்த பழைய கம்பெனிகளின் பெயரை அடித்து அழுத்தினார். நூற்றுக்கு அறுபத்தொன்று. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று சென்டர்காரரிடம் சொல்லி வேறு கம்ப்யூட்டருக்கு மாறி உட்கார்ந்தார். அதிலும் அறுபத்தொன்று. ஆறு வருடம் கம்ப்யூட்டரில் பில் போட்டவர், மேசையை மாற்றினால் எண் மாறும் என்று நம்பியது அந்த ஒரு தடவைதான்.

அங்கிருந்து நேராகத் தொழிற்பேட்டைக்குப் போனார். கொளஞ்சியப்பன் முதலில் பார்த்தது அவர் கால்களை.

"என்னா பாய், செருப்ப எங்க வுட்டீங்க? பள்ளிவாசல்லயா?"

செருப்பு பிரவுசிங் சென்டர் வாசலில் கிடந்தது. ரியாஸும் அப்போதுதான் குனிந்து பார்த்தார். நின்ற இடத்திலேயே, தான் சொன்ன பரீட்சை தப்பு என்பதையும் எதனால் தப்பு என்பதையும் சொன்னார். கொளஞ்சியப்பன் கையில் இருந்த பீஸைக் கீழே வைத்தார்.

"அப்ப சூளைக்குள்ளயே போவாத பீஸு வெடிக்கலன்னு எங்கிட்ட வந்து சொல்லியிருக்கீங்க."

"ஆமாண்ணே."

"நல்ல வேளை பாய், நீங்க பில்லு போடப் போனீங்க. இங்க செக்கிங்குக்கு வந்திருந்தா பாதி ஜில்லாவுல வூடு எரிஞ்சிருக்கும்."

சிரித்துவிட்டுத்தான் சொன்னார். ஆனால் சொன்னவரின் முகம் சுடாத களிமண் நிறத்துக்குப் போயிருந்தது. என்ன செய்வது என்று கேட்டார். இன்றைக்கே விற்றுவிடுங்கள் என்றார் ரியாஸ். நீங்கள் எப்போது விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "மொதல்ல நீங்க வித்துடுங்கண்ணே" என்றார். கொளஞ்சியப்பன் அங்கேயே புரோக்கர் ஆபீஸுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். சந்தை அன்று உச்சியில் இருந்தது. புரோக்கர் ஆபீஸில் போனை எடுத்தவர், உடம்புக்கு ஏதாவதா என்று அவரிடம் அக்கறையாக விசாரித்தாராம்.

வீட்டில் அஸ்பியா எல்லாவற்றையும் கேட்டாள். தான் கேட்ட கேள்வியால் வந்தது இது என்று அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் உரித்த பூண்டை மறுபடி மூடி வைக்க முடியாதா என்பது போல உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"அவர விக்கச் சொன்னீங்க. நம்மளுது?"

"இன்னிக்கி வித்தா பாதிப் பங்குக்குப் பத்தாது. பத்தாத காச பேங்குலயும் போட முடியாது. வித்தா நான் போவணும், அவ்ளோதான். விக்காட்டி, இங்க இருக்க ஒரு வழி இருக்குது."

"அறுபத்தொண்ணுன்னு சொல்லுதே."

"அது ரெண்டாயிரம். இது ரெண்டாயிரத்து எட்டு."

கடந்த காலத்தைக் காசு கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தவர், அது பதில் சொன்னதும் அது கடந்த காலம் என்று கண்டுபிடித்தார். அஸ்பியா பூண்டுத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அவர் இருக்கவேண்டும் என்பதுதானே அவளுக்கும் வேண்டியது.

பொங்கல் கழிந்த அடுத்த திங்கட்கிழமை, டிவியின் அடியில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் ஒன்று விடாமல் சிவப்பாக மாறின. ரியாஸ் நின்றபடி பார்த்தார், அஸ்பியா அடுக்களை வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். மகனின் முகத்தையும் மருமகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த ஜைத்தூன் பீவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "யாரு மௌத்தாயிட்டாங்க?" என்று கேட்டார். யாரும் சாகவில்லை என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார் ரியாஸ். மறுநாள் காலை சந்தையைத் திறந்த வேகத்தில், விழுந்த வீழ்ச்சியைப் பார்த்து அதிகாரிகளே ஒரு மணி நேரம் மூடி வைத்தார்கள். விற்கலாம் என்று ரியாஸ் போனை எடுத்தபோது விற்க இடமே இல்லை. மறுபடி திறந்தபோது விற்க மனம் இல்லை.

கேஸ் சூளையைக் கொளஞ்சியப்பன் அந்த வருடமே தனியாகக் கட்டிவிட்டார். வருகிறவர்களிடம் எல்லாம் அவர் ஒரு கதை சொல்கிறார். மங்கலம்பேட்டை பாய் ஒருத்தர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிவு வரப்போவதைக் கண்டுபிடித்தார், வெறுங்காலோடு ஓடி வந்து தன்னைக் காப்பாற்றினார், அவரும் முன்னாடியே எல்லாவற்றையும் விற்று லாபத்தோடு ஒதுங்கிவிட்டார். அவ்வளவு லாபம் பார்த்தவர் ஏன் மறுபடி குவைத்துக்குப் போனார் என்று யாராவது கேட்டால், பேராசை என்று ஊரில் பதில் தயாராக இருக்கிறது. ஜைத்தூன் பீவி இதைக் காதில் வாங்கியும் மறுப்பதில்லை, ஏமாந்தவன் என்று சொல்லவிடுவதற்குப் பேராசைக்காரனே பரவாயில்லை.

முகம்மது ரியாஸ் ஒரு பங்கையும் விற்கவில்லை. கொளஞ்சியப்பனை விற்கச் சொன்னார், தன்னுடையதை வைத்துக்கொண்டார், விசா சாவதற்கு முன்பு பிப்ரவரி முதல் வாரத்தில் குவைத்துக்கு விமானம் ஏறினார்.