அக்கா பல்லு பிரஷ்ஷால படிய வெச்ச முடி

இத எழுத வேண்டாம்னுதான் இருந்தேங்க. பத்தாவதுலயே படிப்பும் நானும் பிரிஞ்சுட்டோம். "நீ எழுதி, அதையும் நாலு பேரு படிச்சு..."ன்னு என் கூட்டாளி வேற சிரிச்சான். அவன் சிரிச்சதுக்காகவே எழுதுறேன்.

போன தை மாசம், காரிமங்கலத்துல ஒரு மண்டபம். எங்க அக்கா கல்யாணம்.

அப்ப எனக்கு முடி பாதி முதுகு வரைக்கும் தொங்கும். தக்காளி லோடு வண்டி ஓட்டுறவன் நான். கண்ணாடிய எறக்கி வுட்டு காத்துல போயிப் போயி, முடி அங்கங்க அறுந்து, நெத்திய சுத்தி பிசிறு பிசிறா நட்டுக்கிட்டு நிக்கும். எருக்கங்கா வெடிச்சா பஞ்சு பறக்குமே, அப்புடி. எதுக்குடா வளக்குறேன்னு கேக்குறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு அளந்து வுடுவேன். பக்கத்து வூட்டு அக்காகிட்ட ஷாம்பு விளம்பரத்துக்குக் கூப்புட்டிருக்காங்கன்னேன். டீக்கடைக்காரருகிட்ட, எனக்குப் பாத்த பொண்ணு வூட்டுல என் முடியத்தான் சீரா கேக்குறாங்கன்னேன். அவரு அத நம்பி ஒரு வாரம் வருத்தப்பட்டாரு.

நெசம் என்னன்னா, வேண்டுதல். மூணு வருசத்துக்கு முன்னாடி அக்கா வேலைக்குப் போறப்ப ஸ்கூட்டி ஜல்லியில சறுக்கி, கால்ல கம்பி வெச்சாங்க. நடந்துருவாங்க, படி ஏறுறதுதான் சிரமம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் தீர்த்தமலைக்குப் போயி, அங்க இருக்குற படியெல்லாம் பாத்துக்கிட்டே நின்னு, "சாமி, எங்க அக்கா கல்யாண மேடையில யாரு கையும் புடிக்காம ஏறட்டும். அது வரைக்கும் கத்திரி வெக்க மாட்டேன், முடி உனக்குத்தான்"னு வேண்டிக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா நல்ல பையன்னு பேரு வந்துரும், அப்புறம் என் பொழப்பு ஓடாது.

எங்க வூட்டு வழக்கம், பொண்ணோட தம்பிதான் அக்காவ மேடைக்குக் கூட்டியாந்து, மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும். தம்பின்னு இருக்கறது நான் ஒருத்தன். விடிஞ்சும் விடியாம பெரியப்பா என் தலையப் பாத்தாரு.

"இந்தத் தலையோடயா மேல ஏறப் போற? எதுத்தாப்புல சலூன் தொறந்திருக்குது, வெட்டிட்டு வா. இல்லைன்னா மோதிரத்த உன் சித்தப்பன் பையன் போடட்டும்."

"வேண்டுதல் பெரிப்பா, வெட்டக் கூடாது"ன்னேன்.

அங்க இருந்த அத்தன பேரும் சிரிச்சாங்க. இட்லி அவிச்சுக்கிட்டு இருந்த சமையல்காரரு கூட கரண்டிய வெச்சுட்டு சிரிச்சாரு. "போன மாசம் ஷாம்புன்ன, இப்ப சாமியா?"ன்னு பக்கத்து வூட்டு அக்கா கேட்டாங்க. வாழ்க்கையில மொத தடவ நெசத்தச் சொன்னேன், ஒரு ஆளு நம்பலீங்க. அம்மா கெஞ்சுன கெஞ்சுல பெரியப்பா கொஞ்சம் எறங்கி வந்தாரு. "வேண்டுதலோ வெங்காயமோ, முடி படிஞ்சு நிக்கணும். மாப்பிள்ள வூட்டுக்காரங்க முன்னாடி ஒரு பிசிறு தெரிஞ்சாலும் நீ கீழதான்."

கூட்டாளி ஓடிப்போயி வெளக்கெண்ண கொண்டாந்து ஊத்துனான். முடி படிஞ்சுது, கூடவே பட்டுச் சட்டைக் காலரும் ஊறிப் போச்சு. கன்னுக்குட்டிய மாடு நக்குன மாதிரி இருந்தேன். அப்புறம் ஷாம்பு பாக்கெட்டு போட்டு அலசி, துண்டால பரபரன்னு தேச்சு, வேற சட்ட மாட்டிக்கிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காந்தேன். காஞ்சதும் முன்னயவிட மோசம். அங்க மேளம் ஆரம்பிச்சுட்டாங்க.

பொண்ணு ரூமுல இருந்து அக்கா சத்தம் வந்துச்சு. "அந்த எருக்கம்பஞ்ச இங்க வரச் சொல்லுங்க!"

அலங்காரம் பண்ண வந்த மேடம் என் தலையப் பாத்துட்டு, "துண்டால தேச்சியா? அதான்"னாங்க. புது பல்லு பிரஷ் ஒண்ணுல ஸ்ப்ரேய அடிச்சு, "தலையில நேரா அடிச்சா முடி வெறச்சுக்கும். பிரஷ்ல அடிச்சு ஒரே பக்கமா மெதுவா இழுக்கணும்"னு சொன்னாங்க. அக்கா அத வெடுக்குனு புடுங்கிக்கிட்டா.

"மேடம், இவன் தல என் வேல. சின்ன வயசுல பேன் பாத்ததே நான்தான்."

நான் அவ காலடியில உக்காந்தேன். எனக்குப் பின்னாடி அக்கா, அக்காவுக்குப் பின்னாடி பூ குத்துற மேடம். பொம்மிடி பக்கம் போற கூட்ஸ் வண்டி மாதிரி வரிசையா இருந்தோம். எல்லா முடியையும் பின்னாடி இழுத்து ரப்பர் போட்டா. அப்புறம் நெத்தியில ஒரு இழுப்பு, காதோரம் ஒரு இழுப்பு. வளையல் என் காதுலயே சலசலங்குது.

"பூ வெக்கட்டுமாடா?"

"வெய்யி. மாப்பிள்ள மனசு மாறிட்டா எங்கிட்ட சண்டைக்கு வராத."

பிரஷ்ஷால மண்டையில ஒண்ணு போட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, மெதுவா, "என்னடா வேண்டுன?"ன்னா.

"நீயாச்சும் நம்புறியா?"

"பொய் சொல்றப்ப நீ ஆளு மூஞ்சியப் பாத்து சொல்லுவ. காலையில தரையப் பாத்து சொன்னியாமே. அம்மா சொன்னாங்க."

பட்டுச் சேலைக்குக் கீழ, என் பக்கத்துலயே இருந்த அவ காலத்தான் பாத்தேன். நான் பாக்குறத அவளும் பாத்துட்டா. பிரஷ் அப்புடியே நின்னுருச்சு.

"தலைய ஆட்டாதடா"ன்னா. நான் ஆட்டவே இல்ல. காதோரம் படிஞ்சு கெடந்த எடத்தையே திருப்பித் திருப்பி இழுத்தா.

"யாரு கையும் புடிக்காம மேடை ஏறு, போதும்"னேன்.

வெளிய வந்ததும் பெரியப்பா என் தலைய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "ம், போ"ன்னாரு. மேடைப் படிகிட்ட போனதும் பழக்க தோசத்துல நான் கைய நீட்டிட்டேன். அக்கா பட்டுனு தட்டி வுட்டா. "வேண்டுதலக் கெடுக்காத"ன்னு சொல்லி, சேலைய லேசாத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, அவளாவே ஏறுனா. மாமாவுக்கு மோதிரம் போடுறப்ப என் கண்ணுல தண்ணி. ஸ்ப்ரே பட்டுருச்சுன்னு சொல்லிட்டேன். கீழ மாப்பிள்ள வூட்டு அம்மா ஒருத்தங்க என் முதுகப் பாத்துட்டு, "பொண்ணுக்குத் தங்கச்சி இருக்கறத சொல்லவே இல்லீங்களே, அதுக்கும் எடம் பாக்குறீங்களா?"ன்னு எங்க அம்மாகிட்ட கேட்டிருக்காங்க.

அடுத்த வாரமே தீர்த்தமலையில முடிய எறக்கிட்டேன். அக்காவும் மாமாவும் கூட வந்தாங்க. அந்த பிரஷ்ஷ மட்டும் கேட்டு வாங்கி, வண்டியில கண்ணாடிகிட்ட சொருகி வெச்சிருக்கேன். ஊரே சிரிச்சப்ப எங்க அக்கா மட்டும் நம்புனாளே, பிரஷ்ஷப் பாக்குறப்பல்லாம் அதுதாங்க ஞாபகம் வருது, அன்னைக்குப் பூரா யாருகிட்டயும் பொய் சொல்லத் தோணாது.

எழுதி முடிச்சு கூட்டாளிகிட்ட படிச்சுக் காட்டுனேன். என் மொட்டையத் தடவிப் பாத்துட்டு சொன்னான்:

"டேய், இப்ப மொளைச்சிருக்கறது பூராவும் பிசிறுதான், பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு அக்காவ வரச் சொல்லு."